யன்னலடிக் காத்திருப்பு: 1978 கல்லடி வீடு, மூன்று காட்சிகள்

வாவிமகள்:

வணக்கம். எழுதிக்கொண்டிருக்கிற நெடுங்கதை 1978 மாசியில தொடங்கி, அந்த வருசம் கார்த்திகை (நவம்பர்) 23ஆம் திகதிச் சூறாவளியோட முடியுது. இடம் மட்டக்களப்புக் கல்லடி. பெரிய றோட்டுக்கும் வாவிக்கும் இடையில ஒரு கல்வீடு. வீட்டில 20 வயசு மகள். மாமாட மகன் வாழைச்சேனை காகித ஆலையில வேலை. லீவு நாளில வாறவர். அவரை அவ யன்னலடியில நிண்டு பார்க்கிற காட்சி மூன்று தரம் வருது.

ஒண்டு, மாசிப் பின்னேரம். அவர் சைக்கிள்ல றோட்டால போறார். இரண்டு, ஆடி மாசப் பௌர்ணமி. வாவிக்கு மேல நிலவு எழும்புது, மீன் பாடுது, அவர் தோணியில வாறதை முகம் தெரியப் பார்க்கிறா. மூன்று, சூறாவளிக்கு ஒரு கிழமை முந்தி. மழைக்குள்ள யன்னலால எட்டிக் கடிதம் குடுக்கிறா. முடிவில அவர் வந்து அவவைக் கூட்டிக்கொண்டு போறார்.

எனக்குத் தெரிய வேண்டியது: அந்தக் காலத்து யன்னல் எப்பிடி இருக்கும், அதால உண்மையில எவ்வளவு தெரியும்? ஒரே யன்னலடியில மூன்று காட்சி வைச்சா மூன்றும் ஒரே மாதிரிப் போகாமல் எப்பிடிப் பிரிக்கலாம்?


முதிரைமரம்:

தங்கச்சி, முதல்ல யன்னலைச் சரியாப் போடுங்க. காதல் பிறகு தானா வந்து சேரும்.

அந்தக் காலத்துக் கல்வீட்டு யன்னல் எண்டா நிலை ஏறக்குறைய 3 அடி அகலம், 4 அடி உயரம். நிலத்தில இருந்து நிலையின்ர அடிக்கட்டை வரைக்கும் இரண்டரை, மூன்று அடி. நல்ல கை இருந்த வீட்டில நிலையும் கதவும் முதிரை, இல்லாட்டி வேம்பு. இரண்டு பலகைக் கதவு வெளிப்பக்கம் திறக்கும். இரும்புப் பிணைச்சல், திறந்த கதவைச் சுவரோட பிடிச்சு வைக்கக் கொளுக்கி. நிலைக்குள்ள செங்குத்தா அரை அங்குல இரும்புக் கம்பி, நாலு அங்குலத்துக்கு ஒண்டு.

இந்தக் கம்பியை மறந்திடாதேங்க. நாலு அங்குலத்துக்குள்ளால கை முழங்கை மட்டும் போகும், தலை போகாது. ஆகவே ‘எட்டிப் பார்த்தாள்’ எண்ட வசனம் அந்த வீட்டில நடக்காது. கடிதம் குடுக்கலாம். ஆனா மழை நேரம் கை வெளியில போனா சட்டைக் கை முழங்கை வரைக்கும் நனையும். உள்ளுக்கு வந்து தாய்க்கு முன்னால நிக்கேக்க ஒரு கை மட்டும் ஈரம். கம்பியில கறல் பிடிச்சிருக்கும், கடல் உப்புக் காத்து விடாது. வெள்ளைச் சட்டை எண்டா அந்தக் கறல் கையில கோடாப் படியும்.

இனி எவ்வளவு தெரியும் எண்டது. இதைக் கணக்காவே சொல்லலாம். றோட்டு யன்னல்ல இருந்து 40 அடி தூரம் எண்டு வையுங்க. அவ கம்பிக்கு இரண்டடி பின்னால நிண்டா, 3 அடி யன்னலுக்குள்ளால றோட்டில ஏறக்குறைய 63 அடி நீளம் தெரியும். சாதாரணமா மிதிச்சுப் போற சைக்கிள் செக்கனுக்கு 12 அடி போகும். அப்ப அவர் கண்ணில படுறது 5 செக்கன். அதே பெண் ஆக்கள் காணாமல் 5 அடி உள்ளுக்குத் தள்ளி நிண்டா றோட்டில 27 அடிதான் தெரியும். 2 செக்கன் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். சுவர்க் கனத்தால அதிலயும் கொஞ்சம் வெட்டுப்படும். கிட்டப் போனா கன நேரம் காணலாம், ஆனா தன்னையும் காட்ட வேணும். ஒளிச்சு நிண்டா அவர் வந்ததும் போனதும் ஒண்டுதான். முதல் காட்சியில அவ 5 அடியில நிக்கட்டும், மூன்றாவதில கம்பியில நெத்தி முட்ட நிக்கட்டும். ‘துணிந்தாள்’ எண்டு ஒரு சொல்லும் எழுதத் தேவையில்லை.

வெளிச்சம் அடுத்தது. பகலில வெளியில நிக்கிறவனுக்கு யன்னல் ஒரு கறுப்புச் சதுரம். அவவுக்கு அவர் தெளிவா, அவருக்கு அவ ஒண்டுமில்லை. உள்ளுக்கு லாம்பு கொளுத்தின உடன இது அப்பிடியே தலைகீழ். லாம்பு முதுகுக்குப் பின்னால இருந்தா முகம் தெரியாது, உருவம் மட்டும். பக்கத்தில இருந்தா பாதி முகம். அந்தி நேரத்தில ஆர் விளக்கைக் கொண்டு வந்து எங்க வைக்கினம் எண்டதை எழுத்தாளர் தீர்மானிக்க வேணும், சும்மா விடக்கூடாது.

உங்கட இரண்டாவது காட்சி திசையில பிழைக்குது. கல்லடி எழுவான்கரை. கடல் கிழக்கு, வாவி மேற்கு. பௌர்ணமி நிலவு பொழுது படுற நேரம் கிழக்கில, கடற்பக்கம்தான் எழும்பும். வாவிப்பக்க யன்னலுக்கு அது வாறது விடியப்புறம், மறையிற நேரம். பின்னேரம் வாவிக்கு மேல நிலவு வேணுமெண்டா மூன்றாம் பிறையைப் போடுங்க. அது மேற்கில, கொஞ்ச நேரம் நிண்டு போயிடும். காத்திருக்கிறவளுக்கு அது இன்னும் பொருத்தம். தோணியும் அப்பிடித்தான். பொழுது அவருக்குப் பின்னால விழுந்தா தண்ணியெல்லாம் கண் கூசும், முகம் தெரியவே தெரியாது. துடுப்புப் போடுற விதத்தில, தோள் ஒரு பக்கம் சரியிறதில ஆளை மட்டுக்கட்டலாம். முகத்தை விட இதுதான் கிட்டத்து உறவு. ஊரில எல்லாருக்கும் ஒருத்தன்ர முகம் தெரியும், தோள் தெரிஞ்சவ ஒருத்திதான்.

மீன் பாடுறது யன்னலால கேக்காது. தோணியில போய், துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனியில காதை வைச்சுத்தான் கேப்பாங்க. அதை வீட்டுக்குள்ள கொண்டு வராதேங்க.

காத்துத்தான் உங்கட கேள்விக்கு நேரான பதில். ஆடி எண்டா கச்சான் வீசுற காலம். மேற்கு, தென்மேற்கால வாற காஞ்ச சூட்டுக் காத்து, வாவிப்பக்க யன்னலுக்கு நேரே அடிக்கும். மத்தியானத்தில புழுதியால அதைச் சாத்தி வைப்பாங்க. கார்த்திகை, மார்கழி வாடை வடகிழக்கால மழையோட வரும். அப்ப றோட்டுப்பக்க யன்னல் பூட்டு, வாவிப்பக்கம் திறக்கலாம். ஆகவே ஒரு யன்னல் வேண்டாம், இரண்டு வையுங்க. மாசியில இரண்டும் திறந்திருக்கும், அவ விரும்பினபடி நிக்கலாம். ஆடியில றோட்டுப்பக்கம், மாரியில வாவிப்பக்கம். அவர் வாற வழிக்கும் திறக்கிற யன்னலுக்கும் பொருத்தம் தவறினா அதிலயே கதை இருக்கு: மழை நாளில அவர் றோட்டால வாறார், அந்தப் பக்க யன்னல் பூட்டு.

மரமும் இதோட சேர்ந்து ஆடும். மாரியில பலகை ஊதி நிலைக்குள்ள இறுகும், தோளால தள்ளினாத்தான் திறக்கும், சத்தம் வீடு முழுக்கக் கேக்கும். கச்சானுக்குச் சுருங்கி இரண்டு கதவுக்கும் இடையில ஒரு கீறல் விடும். சாத்தின யன்னலாலயும் ஒரு கண்ணால பார்க்கலாம். களவாத் திறக்கிற காட்சியை மாரியில வைச்சா சத்தத்துக்கு ஒரு வழி சொல்ல வேணும்.

நேரம்: மாசிக் கடைசியில பொழுது படுறது 6.15 அளவில, ஆடியில 6.25, கார்த்திகையில 5.40. பொழுது பட்டு இருபது நிமிசத்தில இருட்டு. இது 1978க்குச் சரி. கதையை 1996இல இருந்து 2006 வரைக்கும் உள்ள காலத்துக்கு மாத்தினா கவனம், அப்ப இலங்கை மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளி வைச்சிருந்தது. பெரும்பகுதி அரை மணித்தியாலம்.


வாவிமகள்:

நன்றி அண்ணா. இரண்டு யன்னல் எண்டது பெரிய விசயம், கதையின்ர அமைப்பே மாறுது. ஆனா பார்க்கிறதையும் காத்திருக்கிறதையும் எவ்வளவு நீளத்துக்கு எழுதலாம்? பக்கம் பக்கமா மனசை எழுதினா சலிக்காதா?


ஏட்டுச்சுவடி:

சலிக்கும். காத்திருப்பில் எதுவும் நடக்காது என்று எழுத்தாளர் நம்பிவிடுவதுதான் காரணம். நடக்காத இடத்தை நினைவுகளால் நிரப்பப் பார்க்கிறார். முதல் சந்திப்பு, திருவிழா, மாமியின் கோபம் என்று யன்னலடியில் நிற்கவைத்தே முழு முன்கதையும் வந்துவிடும். அந்த இடத்தில் யன்னல் செத்துப்போகிறது. அவள் எதையும் பார்க்கவில்லை, வாசகரும் பார்க்கவில்லை.

150 சொல்லுக்கு ஒருமுறை வெளியில் ஏதாவது மாற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மாற்றம் வேண்டாம். பக்கத்து வளவில் மாடு அவிழ்க்கிறார்கள், கல்முனை பஸ் போகிறது, நாய் எழும்பி நின்று குரைக்காமலே படுக்கிறது. ஒவ்வொன்றும் அவள் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் ஏற்றவோ இறக்கவோ வேண்டும். நாய் குரைக்காமல் படுத்தது என்றால் வந்தவன் தெரிந்தவன், ஆனால் அவனில்லை. இப்படி மூன்று நான்கு ஏற்ற இறக்கம் போதும். ஒரு காட்சி 500 சொல்லைத் தாண்ட வேண்டாம். மூன்றில் ஒன்று 100 சொல்லில் முடியட்டும்.

கைக்கு வேலை கொடுங்கள். வெறுமனே யன்னலடியில் நிற்க அந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கும் நேரமில்லை, தாய் விடவும் மாட்டாள். வெளிச்சத்துக்காக யன்னலடியில் இருந்து செய்யும் வேலைகள் உண்டு: சுளகில் அரிசி போட்டுக் கல் பொறுக்குவது, பன்பாய் இழைப்பது, ஊசியில் நூல் கோப்பது. சைக்கிள் மணி கேட்கும்போது அரிசிக்குள் போன விரல் அப்படியே நிற்கிறது. சைக்கிள் கடந்த பிறகு, ஏற்கெனவே பொறுக்கி முடித்த பக்கத்தையே அந்த விரல் திரும்பவும் பொறுக்குகிறது. அவள் மனதைப் பற்றி அதற்கு மேல் ஒரு வரியும் தேவைப்படாது.

ஒலியை முதலில் கொண்டுவாருங்கள், காட்சியைப் பிறகு. வருகிற ஆள் கண்ணில் படுமுன் சங்கிலிச் சத்தம், மட்காட்டின் கிலுகிலுப்பு, பக்கத்து வீட்டுக் கடப்புத் திறக்கும் ஓசை எல்லாம் வந்துவிடும். வாசகரும் அவளோடு சேர்ந்து காது கொடுப்பார்.

இந்தக் கலையை இரண்டு இடத்தில் பார்த்துப் படிக்கலாம். ஒன்று நம்முடையது. சங்கப் பாட்டான நெடுநல்வாடையில் அரசி காத்திருக்கிறாள், பருவம் கூதிர். வேனிலில் தென்றலைக் கொண்டுவரும் சாளரங்களை அந்தக் குளிரில் யாரும் திறப்பதில்லை, கதவுகளைத் தாழிட்டு வைத்திருக்கிறார்கள். காத்திருப்பவளுக்குப் பார்க்க எதுவுமே இல்லை. நக்கீரர் அங்கே நிறுத்தவில்லை. பாட்டு அரசன் இருக்கும் போர்ப் பாசறைக்குப் போகிறது. அங்கே அதே வாடைக்காற்று வீசும்போதெல்லாம் விளக்குகளின் சுடர் தெற்கே சாய்கிறது. அரண்மனையில் யன்னலைப் பூட்டவைத்த காற்றுத்தான் அரசன் நடக்கும் இடத்தில் சுடரைச் சாய்க்கிறது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை, காற்று இருவரையும் தொடுகிறது. முதிரைமரம் அண்ணர் சொன்ன கச்சானையும் வாடையையும் இப்படிப் பயன்படுத்துங்கள். வாழைச்சேனையும் கல்லடியும் ஒரே கரை, ஒரே காற்று.

மற்றது குஸ்தாவ் ஃப்ளோபேரின் மேடம் பொவாரி, 1857இல் நூலாக வந்தது. நாட்டுப்புறத்தில் நாடகக் கொட்டகைக்கும் உலாவுக்கும் பதிலாக இருப்பது யன்னல்தான் என்று அதில் ஓரிடத்தில் வரும். ஆனால் அதைவிட நான் காட்ட விரும்புவது தொடக்கத்தில் வரும் பெண்கேட்கும் இடம். பெண்கேட்க வந்த சார்ல்ஸுக்கு வாய் வரவில்லை. பெண்ணின் தகப்பன் சொல்கிறார்: நான் போய் மகளிடம் கேட்கிறேன், சம்மதம் என்றால் யன்னற் கதவைச் சுவரோடு அடிபடத் திறந்துவிடுகிறேன், நீ வேலிக்கு மேலால் பார்க்கலாம். சார்ல்ஸ் வெளியே நிற்கிறான். அரை மணித்தியாலம் போகிறது. பிறகு மணிக்கூட்டைப் பார்த்து 19 நிமிடம் எண்ணுகிறான். திடீரென்று சுவரில் ஒரு சத்தம், கதவு திறந்து கிடக்கிறது, அதன் கொளுக்கி இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான். பெண்ணின் முகம் இல்லை, சொல் இல்லை. காத்திருப்பது ஆண், அதுவும் யன்னலுக்கு வெளியே. உள்ளே தகப்பனும் மகளும் என்ன பேசினார்கள் என்பது கடைசிவரை வருவதில்லை. நாவல் முழுக்க அந்தப் பெண் தன் விருப்பத்தைக் கணவனிடம் சொல்ல முடியாமல் இருக்கப் போகிறாள் என்பது அந்த ஒரு கதவிலேயே இருக்கிறது.

உங்கள் மூன்று காட்சியில் ஒன்றை அவன் பக்கத்திலிருந்து எழுதிப் பாருங்கள். ஆடிப் பகுதி அதற்கு நல்லது. தோணியிலிருந்து பார்க்கிறான், கச்சானுக்குப் பூட்டிய யன்னல். அவள் கீறலால் பார்க்கிறாளா என்பது அவனுக்குத் தெரியாது, வாசகருக்குத் தெரியும்.


கரவாகு:

இதை வாசிக்கிற வேறு ஆரும் காத்தான்குடி, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பக்கத்து முஸ்லிம் வீட்டில கதை வைக்கிறதெண்டா ஒரு வித்தியாசம். மேலும் கீழும் தனித்தனியா நாலு கதவு உள்ள யன்னல் இருக்கிற வீடுகள் உண்டு. கீழ்ச்சோடி சாத்தி மேல்சோடி திறந்தா காத்து வரும், உள்ளுக்கு இருக்கிற பெண் தெரியமாட்டா. நிண்டா தலையும் கழுத்தும் தெரியும். ‘எழும்பினாள்’ எண்ட ஒரு சொல் அங்க பெரிய காரியம். முன் அறையில வாப்பாவோட ஆக்கள் இருந்தா அந்தப் பக்க யன்னல் அவவுக்கு இல்லை. வளவைச் சுத்தி உயரமான வேலியோ மதிலோ இருந்தா றோட்டே தெரியாது. அப்ப யன்னல் கேக்கிற இடம், பார்க்கிற இடமில்லை. சத்தத்தை வைச்சே முழுக் காட்சியையும் கொண்டு போகலாம்.

இன்னுமொண்டு, நுளம்பு. வாவிக்கரையில பொழுது படேக்க யன்னலைச் சாத்தாமல் விடுற வீடு இல்லை. “என்ன புள்ள, இன்னும் யன்னலடியிலயா நிக்காய்? நுளம்பு வருது, சாத்து” எண்டு ஒரு குரல் வரும். உங்கட காத்திருப்புக்கு இயற்கையான முடிவு நேரம் அது. 5.40க்குப் பொழுது படுகுதெண்டா அவர் வர வேண்டியது 5.30க்குள்ள.


படுவான்கரையாள்:

தங்கச்சி, எல்லாரும் யன்னலைப் பற்றிச் சொல்லிட்டினம். நான் முடிவைப் பற்றிச் சொல்றன். “அவர் வந்து கூட்டிக்கொண்டு போறார்” எண்ட முடிவு வேற ஊர்க் கதையில இருந்து வந்தது. மட்டக்களப்பில குடி, அதாவது வம்சம், தாய்வழி. வீடு பெண்ணுக்குச் சீதனம். கலியாணம் முடிஞ்சா மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வாறவர். தாய் தகப்பன் பிறகு அதே வளவிலயோ கிட்டவோ வேற வீட்டுக்கு மாறுவாங்க. முஸ்லிம் ஆக்களுக்கும் இங்க வீடு பெண்ணுக்குத்தான்.

அப்ப அந்த யன்னல் ஆருடையது? அவவுடையது. தகப்பன் அந்த நிலையை வைச்சதே அவவின்ர கலியாணத்துக்கு. வெளியில போறதுக்கு ஏங்கிற பெண்ணாக அவவை எழுதினா வீடு கதையோட ஒத்துவராது. அவ அசையாமல் இருக்கிறவ, வந்து சேர வேண்டியவர் அவர். காத்திருப்பில அவவுக்கு ஒரு கௌரவம் இருக்கு. ஒருத்தனை உள்ளுக்கு விடுறதா வேண்டாமா எண்டு பார்க்கிற பார்வையும் அதில இருக்கு. அந்தப் பார்வையை எழுதுங்க. இங்கத்தைய பெண்ணுக்கு அதுதான் சொந்தம், எங்கட கதைகளில அது குறைவாத்தான் வருது.

கலியாணம் ஏன் தள்ளிப்போகுது எண்டதுக்கும் இதுக்குள்ளயே காரணம் கிடக்கு. வீடு முடியவில்லை. சுவர் எழும்பி நிலை வைச்சாச்சு, கதவு போடக் காசில்லை. அந்த இடத்தில கிடுகுத் தட்டி கட்டியிருக்கு. மாமி வந்து பார்க்கிற நேரம் முதல்ல எண்ணுறது யன்னற் கதவைத்தான். மாசியில தட்டி, ஆடியில ஒரு பக்கம் கதவு, கார்த்திகையில இரண்டு பக்கமும் கதவு எண்டு வைச்சா கதவு வரவரக் கலியாணம் கிட்ட வாறது வாசகருக்கு விளங்கும்.

வாவிக்கு மேற்கால, எங்கட படுவான்கரைப் பக்கத்து மண்வீட்டில கதையைக் கொண்டு போறதெண்டா யன்னலையே மறந்திடுங்க. வரிச்சுக் கட்டி மண் அப்பின சுவரில சின்ன ஓட்டை இருந்தா பெரிசு. அங்க பெண் நிக்கிறது திண்ணையில, இல்லாட்டி கடப்படியில. அங்க அவ எல்லாருக்கும் தெரியிற இடத்தில நிக்கிறா, அதால கையில ஒரு குடமோ விளக்குமாறோ இல்லாமல் நிக்க ஏலாது.


முதிரைமரம்:

படுவான்கரையாள் அக்கா சொன்ன தட்டியும் கதவும் நல்ல கணக்கு. சூறாவளிக்கும் அது பொருந்தும், அதையும் சொல்லிவிடுறன்.

வெளிப்பக்கம் திறக்கிற பலகைக் கதவைக் காத்து அடிக்கிற பக்கத்தில காத்தே அழுத்திப் பிடிக்கும். ஆபத்து மறுபக்கம். அங்க உறிஞ்சுற இழுவையில கொண்டி முறிஞ்சு கதவு வெளியில பறக்கும். ஒரு யன்னல் திறந்தா உள்ளுக்கு வந்த காத்து கூரை ஓடுகளைக் கிளப்பும். அதனால உள்ளுக்கு நிண்டு கதவின்ர கைபிடியைக் கயித்தால கம்பியோட இழுத்துக் கட்ட வேணும். சூறாவளியின்ர மையம் நேரே கடக்கிற இடத்தில கொஞ்ச நேரம் காத்து அடங்கி, பிறகு எதிர்த் திசையால திரும்பி அடிக்கும். அப்ப பாதுகாப்பா இருந்த யன்னலும் ஆபத்தான யன்னலும் இடம் மாறும். இரண்டு யன்னலையும் இரண்டு பேர் பிடிக்க வேண்டிய இராத்திரி அது. அவர் அந்த இராத்திரி உள்ளுக்கு இருக்கிறாரா, வெளியிலயா எண்டதை முதலே தீர்மானிச்சிட்டு எழுதத் தொடங்குங்க.

விடிஞ்ச பிறகு இன்னொரு மாற்றம். அந்தச் சூறாவளியில இந்தக் கரையில தென்னை கணக்கில்லாமல் விழுந்தது. முன்னம் றோட்டுப்பக்கம் மரத்துக்கும் வேலிக்கும் இடையால தெரிஞ்ச அந்த 63 அடியோட இனிப் பார்வை நிக்காது. வேலி படுத்திட்டுது, மரம் இல்லை. அதே யன்னல்ல அதே இரண்டடி பின்னால நிண்டா, றோட்டுக்கு அப்பால வெளியால வாற ஆளைக் கன தூரத்திலயே கண்டிடலாம். கடைசிக் காட்சிக்குப் புதுக் கணக்குப் போடுங்க. றோட்டு 40 அடியில இருந்தாலும் பார்வை மறிபடாமல் 400 அடிக்குப் போனா, அந்தத் தூரத்தில குறுக்கே 600 அடி தெரியும். விழுந்த மரங்களுக்கு மேலால சைக்கிளைத் தூக்கித் தூக்கிக் கொண்டு வாறவனுக்கு அதைக் கடக்கப் பத்து நிமிசம் எண்டாலும் பிடிக்கும்.